மாட்டின் வயிறு பிசகினால்: அறிகுறியிலிருந்து தீனிக்கு

மாடு தின்னவில்லை என்றதும் முதலில் தேடுவது மருந்தை. தேடவேண்டியது கடந்த 3 நாள் தீனிக் கணக்கு. எங்கே மேய்ந்தது, யாருடைய வளவுக்குள் போனது, தவிட்டு மூட்டை புதிதா, வயலுக்கு எப்போது பசளை எறிந்தார்கள், கோயிலில் பொங்கல் நடந்ததா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். ஒரேமாதிரி வயிறு நின்றுபோன இரண்டு மாடுகளில் ஒன்றுக்கு அப்பச்சோடாவும் மற்றதற்கு வினாகிரியும் தேவைப்படும். மாற்றிக் கொடுத்தால் மாடு போய்விடும். எது எதற்கென்று வயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது, தின்றதைக் கேட்டால்தான் தெரியும்.

காரணம், மாடு புல்லைத் தானாகச் செரிப்பதில்லை. முதல் இரைப்பையில் ஒரு மில்லிலீற்றர் நீரில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பற்றீரியாக்கள் இருக்கின்றன. அவையும், கூடவே வாழும் ஒருகல உயிர்களும் பூஞ்சணங்களும் நாரையும் மாப்பொருளையும் நொதிக்கவைத்து அசற்றிக், புரோப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்களாக்கிக் கொடுக்கின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த அமிலங்கள்தான். நாரை உடைப்பவை ஒரு கூட்டம், மாப்பொருளை உடைப்பவை இன்னொரு கூட்டம். தீனி மாறினால் கூட்டமும் மாறவேண்டும், அதற்கு 2 முதல் 3 கிழமை பிடிக்கும். இலங்கையின் வன்னியில் காணும் வயிற்றுக் கோளாறுகளில் பல இந்த அவகாசம் கொடுக்காததால் வருபவை.

கை வைக்கமுன்

வெப்பமானியைக் குதத்துக்குள் வைத்துச் சூட்டை எடுங்கள். காலையில் 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரை சரி. நண்பகலில் வெயிலில் நின்ற மாட்டுக்குச் சற்றுக் கூடும், அதனால் நிழலில் ஒரு மணித்தியாலம் கட்டிவிட்டு எடுப்பது நல்லது. காலையிலேயே 39.5ஐத் தாண்டினால் தீனியை விட்டுவிட்டுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தொண்டை அடைப்பான், கால்வாய் நோய், உண்ணிக் காய்ச்சல் எல்லாவற்றிலும் மாடு தீனியை விடும். கன்று போட்டு 3 நாளுக்குள் பசு விழுந்து, காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தால் அது கல்சியக் குறைவு. வயிறு ஊதியிருந்தாலும் அதற்கு வேண்டியது நாளத்தில் ஏற்றும் கல்சியம்தான்.

பிறகு இடது பக்கம் நில்லுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் பொத்திய கையை அழுத்தி 2 நிமிடம் பொறுங்கள். உள்ளே இரைப்பை உருண்டு வந்து கையை வெளியே தள்ளும். 2 நிமிடத்தில் 3 தடவை அளவில் தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. ஒன்றும் தள்ளவில்லையென்றால் நின்றுவிட்டது. விரலால் அழுத்தி எடுத்தால் குழி சிறிது நேரம் நின்று நிரம்புவது சாதாரண நிலை. குழியே விழாமல் இறுகியிருந்தால் உள்ளே காய்ந்த தீனி அடைத்திருக்கிறது. அழுத்தும்போது ‘களக் களக்’ என்று தண்ணீர் அலம்பினால் அமிலம் ஏறியிருக்கக்கூடும்.

இரைமீட்டலையும் பாருங்கள். ஒரு கவளத்தை 50 முதல் 70 தடவை மென்றுவிட்டு விழுங்கவேண்டும். பட்டியில் மாடுகள் ஆறுதலாகப் படுத்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேற்பட்டவை வாயசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் யாரும் தீனியை விடுவதற்கு முன்பே கோளாறு தொடங்கிவிட்டது.

இடது பக்கம் ஊதியிருக்கிறது

ஒரே இடத்தில் மேய்ந்த பல மாடுகள் ஒன்றாக ஊதினால் அது நுரை. ஐப்பசி மழைக்குப் பிறகு வரும் இளம்புல், பயறு, கௌபிக் கொடி, ஈரத்தோடு இழுத்துப் போட்ட கச்சான் கொடி ஆகியவற்றில் புரதம் மிகுதி, நார் குறைவு. நொதித்து வரும் வாயு சிறு சிறு குமிழாகத் தீனியோடு கலந்து நிற்கும். ஏப்பமாக வெளியே வராது. இதற்கு மருந்து எண்ணெய். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ 250 மில்லிலீற்றர், பெரிய கலப்பின மாட்டுக்கு 400 வரை, கடைவாய் வழியாக மெதுவாக விடுங்கள். எண்ணெய் குமிழின் தோலை உடைக்கும். தலையைக் கண் மட்டத்துக்கு மேல் தூக்கக்கூடாது. மாடு இருமினால் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு முன்கால்கள் உயரத்தில் நிற்கும்படி மண்மேட்டிலோ வரம்பிலோ நிறுத்தி, ஒரு தடியைக் கடிவாளம்போல் வாய்க்குக் குறுக்காகக் கட்டுங்கள். மாடு தடியை மென்றுகொண்டிருக்க உமிழ்நீர் ஊறும், ஏப்பமும் வரும். ஒரு மணித்தியாலத்தில் குறையவில்லையென்றால், அல்லது நாக்கு வெளியே தள்ளி மூச்சு இழுத்தால், வைத்தியர் வந்தே ஆகவேண்டும். கத்தியால் குத்தும் வேலை தெரிந்தவர்களுக்கு உரியது. நுரையென்றால் சின்னத் துளையால் அது வெளியே வருவதுமில்லை.

ஒரு மாடு மட்டும் ஊதி, கழுத்தை நீட்டிக்கொண்டு, வாயால் எச்சில் வடித்தால் தொண்டையைத் தடவிப் பாருங்கள். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும் காலத்தில் பனங்கொட்டை சிக்குவது வழக்கம். மாங்கொட்டையும் சிக்கும். கழுத்தின் இடது பக்கத்தில் கட்டியாகத் தட்டுப்படலாம். இங்கே எண்ணெய், தண்ணீர், கஞ்சி எதுவும் வாயால் விடக்கூடாது, எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போகும். தடியால் குத்தித் தள்ளினால் உணவுக்குழாய் கிழிந்துவிடும். இதுவும் வைத்தியருக்குரிய வேலை.

வாரத்துக்கொரு தடவை ஊதி, தானாக வற்றி, மாடு மெலிந்துகொண்டே போகிறதென்றால் ஏ-9 வீதியோரமோ சந்தைக் குப்பையோ அதன் மேய்ச்சலில் இருக்கிறதா என்று கேளுங்கள். சொப்பிங் பைகள் இரைப்பைக்குள் உருண்டையாகத் திரண்டு கிடக்கும். அவற்றை உடைக்கும் பற்றீரியா மாட்டிடம் இல்லை, கரைக்கும் மருந்தும் கிடையாது. வயிற்றைத் திறந்து எடுப்பது ஒன்றே வழி. முதுகை வளைத்து நின்று, இறக்கத்தில் நடக்கும்போது முனகுகிற மாடு முட்கம்பித் துண்டை விழுங்கியிருக்கலாம். அதையும் தீனி திருத்தாது.

நெல், அரிசி, சோறு தின்றிருக்கிறது

அருவிவெட்டு முடிந்த மாசி, பங்குனியிலும், கலியாண வீடு, அன்னதானம் முடிந்த மறுநாளிலும் அதிகம் வருவது இது. ஏமாற்றுவதும் இதுதான். தின்ற அன்று மாடு நன்றாகவே இருக்கும். 12 முதல் 36 மணித்தியாலத்தில் தீனியை விட்டு, வயிறு நின்று, புளிச்ச மணத்தோடு நரைத்த தண்ணீராகக் கழியும். கண் உள்ளே போகும். குடித்தவர்போல் தள்ளாடும். பிறகு படுத்துவிடும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் செய்யவேண்டியது விளங்கும். மாப்பொருள் கொட்டியதும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போவிஸ் என்ற பற்றீரியா மளமளவென்று பெருகி லற்றிக் அமிலத்தைச் சுரக்கும். அந்த அமிலத்தைத் தின்று அடக்கும் மெகாஸ்பீரா எல்ஸ்டெனி என்ற இனமும் அங்கே இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் பெருகும், புல்லும் வைக்கலும் தின்ற வயிற்றில் எண்ணிக்கையும் குறைவு. அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) சாதாரணமாக 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும். 6க்குக் கீழே போனதும் நார் உடைக்கும் கூட்டம் வேலையை நிறுத்துகிறது. 5.5க்குக் கீழே ஒருகல உயிர்கள் சாகின்றன. 5ஐத் தொட்டால் அமிலத்திலேயே வாழும் லக்ரோபசிலஸ் மட்டும் மிஞ்சும். அமிலம் செறிந்த இரைப்பை இரத்தத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுப்பதால் மாடு உள்ளே நீர் அலம்ப, வெளியே வற்றிப்போகும்.

எவ்வளவு தின்றால் ஆபத்து என்று ஒரே எண் சொல்ல முடியாது. தவிடு, புண்ணாக்கு பழகிய கறவைப் பசு தாங்கும் அளவு, காட்டில் மேய்ந்த நாட்டு மாட்டைச் சாகடிக்கலாம். உமியோடு முழு நெல் தின்றதைவிட அரிசி மோசம், அதைவிடக் குறுணலும் மாவும் மோசம், சோறும் அப்படித்தான். நொறுங்கியதும் வெந்ததும் பற்றீரியாவுக்கு உடனே எட்டும். பழக்கமில்லாத 250 கிலோ மாடு சில கிலோ குறுணல் தின்றாலே அறிகுறிக்குக் காத்திருக்காமல் வைத்தியருக்கு அழைப்பு எடுங்கள். முதல் சில மணித்தியாலத்தில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவலாம், தேவையானால் திறந்தும் எடுக்கலாம். மாடு படுத்த பிறகு அழைத்தால் செய்ய அதிகம் இருக்காது.

அவர் வரும்வரை, மாடு நின்றுகொண்டு விழுங்கும் நிலையில் இருந்தால், 100 முதல் 150 கிராம் அப்பச்சோடாவை 2 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் பருக்குங்கள். இது 250 கிலோ மாட்டுக்குரிய அளவு. சோடா அமிலத்தோடு சேர்ந்து வாயு கக்கும், எனவே ஏற்கெனவே ஊதியிருந்தால் கொடுக்கவேண்டாம். வைக்கலும் காய்ந்த புல்லும் மட்டும் போடுங்கள். மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறும், அதிலுள்ள பைகாபனேற்று எந்தச் சோடாவையும்விட நீடித்து வேலை செய்யும். தொட்டித் தண்ணீரை முழுதாகக் குடிக்க விடாமல் முதல் நாள் சிறிது சிறிதாகக் காட்டுங்கள். சோறு, கஞ்சி, சர்க்கரைத் தண்ணீர், பழம் எதுவும் கொடுக்காதீர்கள். ‘களைத்துப் போச்சு, கஞ்சி பருக்குவம்’ என்று இரக்கப்பட்டுக் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

பிழைத்த மாட்டை ஒன்றரை மாதம் கவனியுங்கள். 2, 3 கிழமை கழித்துக் குளம்பு நோவெடுத்து நொண்டலாம். அமிலத்தால் புண்ணான இரைப்பைச் சுவர் வழியே கிருமி ஈரலுக்குப் போய்ச் சீழ் கட்டுவதும் உண்டு.

வாயில் நுரை, தசை நடுக்கம், தின்ற ஒரு மணித்தியாலத்துக்குள்

வயலில் மேற்கட்டுப் பசளை எறியும் நாட்களில் இப்படிக் கண்டால் யூரியாவைச் சந்தேகியுங்கள். மாடு உப்பென்று நினைத்து வெறும் பசளைப் பையை நக்கும், யூரியா கழுவிய வாளித் தண்ணீரைக் குடிக்கும். பற்றீரியாக்கள் யூரியாவைச் சில நிமிடங்களிலேயே அமோனியாவாக உடைக்கும். கொஞ்சமாக வந்தால் அதையே புரதமாக்கிக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சினால் அமோனியா இரத்தத்தில் ஏறும். நடுக்கம், பல்நெருடல், கத்தல், ஊதல், வலிப்பு என்று அடுத்தடுத்து வரும்.

இங்கே வயிறு காரமாகியிருக்கிறது. சோடா கொடுத்தால் இன்னும் காரமாகும். கொடுக்கவேண்டியது வினாகிரி. கடையில் விற்கும் சமையல் வினாகிரி 2 முதல் 3 லீற்றரை அதேயளவு குளிர்ந்த தண்ணீரோடு கலந்து பருக்குங்கள். அதன்மேல் முடிந்தவரை குளிர்ந்த தண்ணீர், 20 லீற்றர் வரை, குடிக்க விடுங்கள். குளிர் பற்றீரியாவின் வேகத்தைக் குறைக்கும், தண்ணீர் அமோனியாவை ஐதாக்கும். வலிப்பு தொடங்கிவிட்டால் வாயால் எதுவும் விடமுடியாது, குழாய் வேண்டும்.

மரவள்ளித் தோட்டத்துக்குள் புகுந்த மாடும், மழைக்குத் துளிர்த்த முழங்கால் உயர இறுங்கை மேய்ந்த மாடும் வேறு கணக்கு. அந்த இலைகளிலுள்ள சேர்வையை உடைத்துச் சயனைட்டை விடுவிப்பதில் வயிற்றுப் பற்றீரியாவுக்கும் பங்குண்டு. அதனால் பன்றியைவிட மாட்டுக்கு இது கொடியது. மூச்சு இழுக்கும், முரசு சிவந்து பளிச்சென்றிருக்கும், நிமிடக் கணக்கில் விழும். வைத்தியர் நாளத்தில் ஏற்றும் முறிமருந்தைத் தவிர வேறெதுவும் உதவாது. மரவள்ளி இலையைத் தீனியாக்க விரும்பினால் நறுக்கி, பரப்பி, நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள். பச்சையாக வேண்டாம்.

நன்றாகத் தின்கிறது, ஆனால் மெலிகிறது

ஆனியிலிருந்து புரட்டாதிவரை, கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் வன்னி முழுவதும் இந்தக் காட்சிதான். வயிறு பெருத்து, முதுகெலும்பு தெரிய, சாணம் காய்ந்த உருண்டையாக. உடனே பூச்சி மருந்து கொடுப்பார்கள். பூச்சி இருக்கலாம். ஆனால் தீனி வெறும் வைக்கலென்றால் பட்டினி கிடப்பது வயிற்றிலுள்ள பற்றீரியா.

வைக்கலில் புரதம் 4 சதவீத அளவில்தான். மொத்தத் தீனியில் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் பற்றீரியாவுக்குத் தன்னைப் பெருக்கிக்கொள்ள நைதரசன் போதாது. பெருகாத கூட்டம் நாரை உடைக்கவும் மாட்டாது. உடையாத நார் இரைப்பையை விட்டு நகராது. இடம் காலியாகாததால் மாடு மேலும் தின்னவும் முடியாது. ‘தின்னுது தின்னுது’ என்று வீட்டார் சொல்வது அது நாள் முழுக்கத் தீனியின்முன் நிற்பதைப் பார்த்து. நிறுத்துப் போட்டால் உண்மையில் குறைவாகவே தின்றிருக்கும்.

சுலபமான வழி வேலியிலேயே நிற்கிறது. கிளிசரிடியாக் குழையில் காய்ந்த நிறைக்குப் புரதம் 20 சதவீதத்துக்கு மேல். 250 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ பச்சைக் குழை வைக்கலோடு கலந்து போட்டால் சாணம் ஒரு கிழமையில் இளகத் தொடங்கும். முதலில் மணம் பிடிக்காமல் ஒதுக்கும். வெட்டி ஒரு நாள் வாடவிட்டு, மற்றக் குழையோடு கலந்து பழக்குங்கள். பூவரசு, வாதநாராயணி, முள்முருக்குக் குழைகளும் உதவும்.

குழை போதாதவர்கள் வைக்கலையே திருத்தலாம். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, 60 முதல் 80 லீற்றர் தண்ணீர். யூரியா ஒரு மணியும் மிஞ்சாமல் கரையவேண்டும். பொலித்தீன் விரித்த குழியில் வைக்கலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கரைசலைப் பூவாளியால் சமமாகத் தெளித்து, காலால் மிதித்து இறுக்கி, அடுத்த அடுக்கைப் போடுங்கள். கடைசியில் பொலித்தீனால் மூடி ஓரமெல்லாம் மண் போட்டு அடைத்து 2 முதல் 3 கிழமை விடுங்கள். திறக்கும்போது கண் எரியும் அமோனியா மணமும் பழுப்பு மஞ்சள் நிறமும் இருந்தால் வெற்றி. மணமில்லாமல் பூஞ்சணம் பிடித்திருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது, அந்தப் பகுதியை எறிந்துவிடுங்கள். நாளுக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, சில மணித்தியாலம் நிழலில் பரப்பி மணம் போனபிறகு போடுங்கள். முதல் நாள் ஒரு கிலோவில் தொடங்கி 10 நாளில் முழு அளவுக்கு வரலாம். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. வெறும் வயிற்றில் கிடந்த மாட்டுக்கும் எடுத்தவுடன் வேண்டாம். தெளிக்க நேரமில்லையென்று கரைசலை வைக்கலில் ஊற்றி அன்றே போடுகிறவர்கள் வைக்கலைத் திருத்தவில்லை, முன்சொன்ன நஞ்சைத்தான் கலக்கிறார்கள்.

கூடவே உப்பும் தாதுக்கலவையும் நாளுக்கு 30 கிராம் அளவில் வேண்டும். தண்ணீர் இல்லாமல் வைக்கல் கட்டியாக இறுகும். கறவைப் பசுவுக்கு இந்த வெயிலில் 40 முதல் 60 லீற்றர் தேவை. குளம் வற்றிய காலத்தில் நாளுக்கு ஒருதடவை ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டுவது போதாது.

குளத்தோரம் சேற்றில் மேய்ந்த மாடு மெலிவதோடு தண்ணீராகவும் கழிந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால், அது நத்தை வழியாக வரும் இரைப்பைத் தட்டைப்புழுவாக இருக்கலாம். சாணத்தைச் சோதிக்கக் கொடுத்து அதற்குரிய மருந்தைக் கேளுங்கள். சாதாரணப் பூச்சி மருந்து எல்லாம் அதைக் கொல்லாது.

பால் குறையவில்லை, கொழுப்பு இறங்கிவிட்டது

பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பு குறைவென்று காசை வெட்டினால் முதலில் கறவையைப் பாருங்கள். மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். கன்றை முன்னுக்கு ஊட்டிச் சுரக்கவிட்டு, கறந்து, மிச்சத்தைக் கன்றுக்கு விடும் நம் வழக்கத்தில் கொழுப்பு கன்றின் வயிற்றுக்குப் போகிறது. அது தவறல்ல, ஆனால் தீனியைக் குறை சொல்லமுன் தெரிந்திருக்கவேண்டும்.

கறவை மாறாமல் கொழுப்பு மட்டும் இறங்கினால் நார் குறைந்திருக்கிறது. பால் கொழுப்புக்கு மூலப்பொருள் அசற்றிக் அமிலம், அது பெரும்பாலும் நார் உடைவதில் வருவது. கோ-3 புல்லை மெசினில் தூளாக அடிப்பது, தவிட்டையும் புண்ணாக்கையும் ஒரே நேரத்தில் 3 கிலோ கரைத்து வைப்பது இரண்டும் இந்த இடத்தில் கொண்டுவந்து விடும். புல்லை 2 முதல் 4 சென்ரிமீற்றருக்கு வெட்டுங்கள். காலையில் வைக்கல் அல்லது புல், அதன்பிறகே அடர்தீனி. அதையும் 3 நேரமாகப் பிரியுங்கள். கூட்டுவதென்றால் 3 நாளுக்கு ஒருதடவை கால் கிலோ.

பலர் கவனிக்காத ஒன்று எண்ணெய். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் 12 சதவீதத்துக்கு மேலும் எண்ணெய் இருக்கும், தேங்காய்ப் புண்ணாக்கிலும் கணிசமாக உண்டு. இரண்டையும் தாராளமாகச் சேர்த்தால் மொத்தத் தீனியில் 6 சதவீதத்தைத் தாண்டி, எண்ணெய் நாரைப் போர்த்து, நார் உடைக்கும் கூட்டத்தை முடக்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறையுங்கள். கிராமத்து ஆலைத் தவிட்டில் உமியும் கலந்து வரும். ஒரு கைப்பிடியை ரம்ளர் தண்ணீரில் போட்டால் உமி மிதக்கும். பாதி மிதந்தால் தவிட்டு விலைக்கு உமி வாங்கியிருக்கிறீர்கள். கைத்த மணம் வந்த பழைய தவிட்டை எந்த மாட்டுக்கும் போடவேண்டாம்.

சாணம் மாறியிருக்கிறது

சாணத்தைக் கழுவிப் பார்ப்பதைப்போல் மலிவான சோதனை இல்லை. புதிதாக விழுந்ததில் ஒரு சிரட்டை எடுத்து, அரிதட்டில் போட்டு, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டிய நார்கள் நிறையக் கிடந்தால் இரைப்பை தீனியை அரைகுறையாகத் தள்ளிவிட்டது. முழு நெல், உடையாத சோளம் கிடந்தால் காசு அப்படியே வெளியே போகிறது. சோளத்தை இரண்டாக, நாலாக உடைத்துக் கொடுங்கள், மாவாக்கவேண்டாம். வழவழவென்று சளிப்படலம் மிஞ்சினால், அல்லது சாணத்தில் குமிழி பொங்கினால், மாப்பொருள் பெருங்குடல்வரை தப்பிப்போய் அங்கே நொதிக்கிறது. அடர்தீனியைப் பாதியாக்கி வைக்கலைக் கூட்டுங்கள்.

தீனி மாற்றிய ஓரிரு நாளில், சூடில்லாமல், இரத்தமில்லாமல் இளகிப்போனால் பழைய தீனிக்குத் திரும்பினாலே நின்றுவிடும். இதற்கு வாயால் அன்ரிபயோற்றிக் தூள் கொடுப்பது வீண் கேடு. கெட்டதோடு இரைப்பையிலுள்ள நல்லவையும் சாகும்.

வால் மயிர் கொட்டுகிறது

இப்பில்-இப்பில் மரத்தின் குழையை மட்டுமே வெட்டிப் போடும் இடங்களில் மயிர் உதிர்தல், எச்சில் வடிதல், வளர்ச்சி நிற்றல் தோன்றும். இலையிலுள்ள மிமோசின் என்ற நஞ்சும், அது உடைந்து வரும் பொருளும் காரணம். பின்னது கேடயச் சுரப்பியைக் கெடுக்கும். ஹவாய் தீவு ஆடுகள் இதே இலையைத் தின்று நலமாக இருப்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். 1980களின் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் இரைப்பை நீரை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கால்நடைகளுக்கு ஊட்ட, அவையும் தாங்கின. நஞ்சை உடைத்தது ஒரு பற்றீரியா. 1992இல் அதற்கு சினர்ஜிஸ்ரிஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். நம் பட்டிக்கு வழி எளிது. இப்பில்-இப்பில் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், கினிப்புல்லோடும் வைக்கலோடும் கலந்து போடுங்கள்.

கன்றுக்கு வயிறு மட்டும் பெருக்கிறது

பிறந்த கன்றின் முதல் இரைப்பை இன்னும் வேலை தொடங்காதது. ஊட்டும் பால் அதைத் தொடாமல் ஒரு பள்ளம் வழியே நாலாம் அறைக்கு நேரே போகும். இரைப்பைச் சுவரை வளர்ப்பது தானியத் தீனி நொதித்து வரும் பியூற்றிரிக் அமிலம். பால் குறைத்து, 2 மாதத்திலேயே வைக்கலைக் காட்டினால் உடைக்கும் கூட்டம் போதாமல் வயிறு பானையாகும். கடும்புப் பாலைப் பிறந்த 2 மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். இரண்டாம் கிழமையிலிருந்து கைப்பிடி அடர்தீனியும் தனிப் பாத்திரத்தில் சுத்தமான தண்ணீரும் வையுங்கள். இளம்புல் அதன்பிறகு. வைக்கலுக்கு அவசரமில்லை.

நோய் போய்விட்டது, வயிறு தொடங்கவில்லை

அமிலத்தில் தப்பிய மாடு, பல நாள் பட்டினி கிடந்த மாடு, நீண்ட அன்ரிபயோற்றிக் பெற்ற மாடு சிலவேளை இரைமீட்காமலே நிற்கும். உள்ளே கூட்டம் அழிந்துவிட்டது. நல்ல மாட்டின் இரைப்பை நீரை ஊட்டுவது இதற்குப் பழைய, பலிக்கும் வழி. வைத்தியர் குழாயால் எடுத்துத் தரலாம், அல்லது கொல்களத்தில் நலமான மாட்டின் வயிற்றிலிருந்து அப்போதே எடுத்ததைத் துணியால் வடிக்கலாம். நல்ல நீர் பச்சை கலந்த பழுப்பு, மணம் காரமாக இருக்கும், புளிப்போ அழுகலோ இராது. ரம்ளரில் விட்டால் சில நிமிடங்களில் தூள் அடியில் தங்கி நார் மேலே மிதக்கும். இரண்டும் நடக்கவில்லையென்றால் அந்த நீர் செத்தது. காற்றும் குளிரும் இந்தப் பற்றீரியாக்களுக்கு எமன். சுடுநீர்ப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி மூடி, 39 பாகைச் சூடு ஆறமுன், அரை மணித்தியாலத்துக்குள் ஊட்டவேண்டும். குறைந்தது 3 லீற்றர், கிடைத்தால் 8. குழாயால் விடுவதே பாதுகாப்பு. வயிற்றின் அமிலத்தைத் திருத்தாமல் ஊட்டினால் வந்தவையும் அன்றே சாகும், எனவே சோடா முதலில்.

ஊட்டிய நாளிலிருந்து நல்ல காய்ந்த புல், கொஞ்சம் பச்சைக் குழை, உப்பு, தண்ணீர். மறுநாள் காலை இடது பள்ளத்தில் கையை அழுத்திப் பார்த்து, வயிறு தள்ளாவிட்டால் இன்னொரு தடவை ஊட்டுங்கள். தள்ளத் தொடங்கி, வாயசைத்து, சாணமும் போட்டபிறகே தவிடு, அதுவும் முதல் நாள் கால் கிலோ.